யானை யார் கையில்?

2022 பங்குனியில் என் கடைக்குள் இருந்து பார்த்தால் றோட்டில் போவது ஆடுமாடு மட்டும்தான். பெற்றோல் இல்லை. சில நாட்களில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்டை வெட்டினார்கள். போன் திருத்துவதும் போட்டோக் கொப்பி அடிப்பதும் என் தொழில். கரண்ட் இல்லாமல் இரண்டும் நடக்காது. ஊர் இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்று.

போனில் சார்ஜ் இல்லாத பெடியள் வந்து கடை வாசலில் குந்தியிருப்பார்கள். ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டு இல்லாமல் அவர்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பொழுது போகவில்லை. மேசைக்குக் கீழே ஒரு பெட்டி நிறையக் கலியாணக் காட் கிடந்தது. மாப்பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்து, வாங்க ஆளில்லாமல் என் தலையில் விழுந்த ஓடர் அது. தடித்த மட்டை, ஓரத்தில் தங்கக் கோடு. அதை வெட்டி ஒரு விளையாட்டுச் செய்தேன். பெயர் 'போகம்'.

விளையாட்டில் சிக்கல் ஒன்றுமில்லை. நாலு பேர். ஆளுக்கு 12 கட்டம் போட்ட ஒரு வயல். நடுவில் குளம்; சோடா மூடிகள்தான் தண்ணீர். நெல்லுக்குப் புளியங்கொட்டை. பத்துச் சுற்று முடிந்தால் ஒரு காலபோகம், அதாவது மழைக்கால நெற்பருவம், முடிந்த மாதிரி. யாரிடம் கூடக் கொட்டையோ அவர் வென்றார். வயலுக்கு வருகிற தொல்லைகளும் உண்டு, இல்லாவிட்டால் அது வன்னி வயல் இல்லையே. பன்றி அட்டையை ஒருவர் மேல் போட்டால் அவருடைய வயலில் இரண்டு கட்டம் நிச்சயம் போகும். யானை அட்டை என்றால் பகடை உருட்ட வேண்டும். 4, 5, 6 விழுந்தால் நாலு கட்டம் துவம்சம். 1, 2, 3 விழுந்தால் யானை வந்த வழியே திரும்பிவிடும். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பாதித் தரம் நாலு, பாதித் தரம் பூச்சியம், சராசரி இரண்டு. சமமாக வரட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாளே வழக்கு வந்துவிட்டது.

"அண்ணை, உந்த யானைக் காட்டை எடுத்தெறியுங்கோ. ஒரு அடியிலை மூண்டிலொரு பங்கு வயல் போச்சு. இதென்ன நியாயம்?"

அவனுக்கு எதிரே இருந்தவன் விடவில்லை. "உனக்கு ஒருக்காத்தானே விழுந்தது. நான் மூண்டு தரம் விட்டனான், ரெண்டு தரம் சும்மா திரும்பிப் போட்டுது. உது வேலைக்காகாத காட் அண்ணை. பண்டியெண்டால் நம்பிப் போடலாம்."

ஒரே அட்டை, ஒரே ஆட்டம். ஒருவனுக்கு அது அநியாயப் பலம், மற்றவனுக்கு வேலைக்காகாதது. நான் யார் கூடக் கத்தினானோ அவன் பேச்சைக் கேட்டேன். யானை தின்னும் கட்டத்தை நாலிலிருந்து மூன்றாகக் குறைத்தேன். அடுத்த கிழமை யானையைக் கையில் எடுத்தவர்கள் முகத்தைச் சுழித்தார்கள், ஒருவரும் அதைப் போடவில்லை. சரியென்று ஐந்தாக்கினேன். அதற்கடுத்த கிழமை வாசலில் அடிபிடி. ஒரு மாதமாக யானையை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கியே காலம் போனது. அடிபட்டவன் மூன்று கட்டம் போனபோதும் 'அநியாயம்' என்றான், ஐந்து போனபோதும் அதே சொல்லைத்தான் சொன்னான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஏறியது சி.ஆர். கொப்பியால். கடைக் கணக்கு எழுத வாங்கி வெறுமையாகக் கிடந்த ஒரு கொப்பியில் கோடு போட்டு, யார் யானையைப் போட்டார், யார் மேல், பகடையில் என்ன விழுந்தது, ஆட்டம் முடிந்து அவர் யானையைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு மூன்று கிழமை போனதும் கடைசி நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தேன். 'யானை பலம்' என்று சொன்னவர்கள் எல்லாம் அன்று அடிவாங்கியவர்கள். 'யானை சரியில்லை' என்றவர்கள் எல்லாம் அன்று அதைப் போட்டவர்கள். போன சனிக்கிழமை 'எடுத்தெறியுங்கோ' என்று நின்ற அதே பெடியன் இந்தச் சனிக்கிழமை 'உது உதவாது' என்று எழுதப்பட்டிருந்தான். இடையில் நான் அட்டையைத் தொடவே இல்லை. அவன் இருந்த பக்கம்தான் மாறியிருந்தது.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் நம்மூர்க் காரணம்தான். யானையைக் கையில் வைத்திருப்பவன் அதோடு பாடுபடுகிறான். எப்போது விடுவது, யார் மேல் விடுவது என்று இரண்டு மூன்று சுற்றுக் காத்திருக்கிறான். பிறகு எல்லோரும் பார்த்திருக்க உருட்டுகிறான், 2 விழுகிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு மறக்காது. அடிபட்டவனுக்கோ யானை என்றால் வயலை மிதித்த யானை மட்டும்தான். திரும்பிப் போன யானை அவன் கணக்கில் இல்லை. ஊரிலும் அதுதானே நடக்கிறது? இரவில் காட்டோரத்தால் எத்தனையோ தரம் போய்வரும் யானையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, விடிந்தால் வாழை முறிந்து கிடக்கும் நாளில்தான் ஊர் முழுக்கக் கதை. போதாததற்கு இழப்பு என்றால் மனதில் எடை கூட. பெற்ற பத்து ரூபாயை விட இழந்த பத்து ரூபாய் பெரிதாகத் தெரியும் என்பதை டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். எனக்கு அதைச் சொல்லித்தந்தவை புளியங்கொட்டைகள்.

போன் விளையாட்டிலும் இதையேதான் வருசக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான். "அவன் எம் 1887 வைச்சிருந்தவன் அண்ணை, அதுதான் செத்தனான்" என்பான் ஒருவன். அது கிட்ட நின்று சுடும் துப்பாக்கி. சரி, அடுத்த ஆட்டத்தில் நீயும் அதையே எடு என்றால், எடுத்து, கிட்டப் போகாமல் தூரத்தில் நின்று சுட்டுவிட்டு, "என்ரை கையிலை உது பிடிக்குதில்லை" என்பான். எதிரியின் கையில் இருக்கும்வரைதான் அது நல்ல துவக்கு. (இந்தச் சொல்லைப் பிள்ளைகள் வீட்டுக்குள் உரக்கச் சொல்வதை எங்கள் ஊரில் பல தாய்மார் விரும்புவதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மட்டை விளையாட்டில் யானையும் பன்றியும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

பெரியவர்களும் விதிவிலக்கில்லை. சனசமூக நிலையத்தில் பின்னேரம் 304 என்ற சீட்டாட்டம் அடிக்கும் ஐயாமார் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஒரு ஐயா ஏழு வந்தாலே 'சனியன் வந்திட்டுது' என்று சொல்லித்தான் கையில் செருகுவார். ஒருநாள் அவருடைய கடைசித் துரும்பு ஏழாக இருந்தது. எதிராளி கெத்தாகப் போட்ட ஏசை அதால் வெட்டினார். அந்தப் பின்னேரம் முழுக்க ஏழு அவருக்கு 'என்ரை பிள்ளை'. மறுநாள் திரும்பவும் சனியன். ஏழின் பெறுமதி அன்றும் பூச்சியம், இன்றும் பூச்சியம்.

ஆக, விளையாட்டுச் செய்யும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, முறைப்பாடு வந்தால் அட்டையில் உள்ள எண்ணைத் தொடாதீர்கள், முறைப்பாடு சொன்னவரின் கையில் அந்த அட்டையைக் கொடுங்கள். நான் இப்போது செய்வது இதுதான். யானை அநியாயம் என்கிறவனுக்கு அடுத்த மூன்று ஆட்டங்களில் தொடக்கத்திலேயே ஒரு யானை கொடுத்துவிடுவேன். வேலைக்காகாது என்கிறவனுக்கு யானை கிடையாது, வாங்கும் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று ஆட்டத்துக்குப் பிறகும் ஒருவன் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே முறைப்பாட்டைச் சொன்னால் அதில் விசயம் இருக்கிறது, அப்போது பென்சிலை எடுப்பேன். பெரும்பாலான வழக்குகள் அதற்கு முன்பே தள்ளுபடியாகிவிடும்.

கேட்கிற விதமும் முக்கியம். 'யானை எப்பிடி, நல்லமோ?' என்று கேட்டால் கிடைப்பது அன்றைய மனக்கொதிப்பு. 'அடுத்த ஆட்டத்திலை மூண்டு காட்டை நீயே தெரிஞ்செடுக்கலாமெண்டால் எதை எடுப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். யானையை உதவாது என்று வாய் ஓயாமல் சொன்ன பெடியனின் கை நேரே யானைக்குத்தான் போனது. அவனே தன் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

வேலி அட்டையில் கற்றது வேறு பாடம். யானை வேலி இருந்தால் இரண்டு தரம் யானை உள்ளே வராது. முதலில் அதைச் சும்மா பங்கிட்டேன். கிடைத்தவர்கள் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஒரு மழை அட்டைக்காக வேலியைத் தூக்கிக் கொடுத்தார்கள். பிறகு வேலி வேண்டுமானால் ஐந்து கொட்டை கொடுத்து வாங்க வேண்டும் என்று மாற்றினேன். ஐந்து கொட்டை எங்கள் விளையாட்டில் சின்னத் தொகை இல்லை. வாங்கியவர்கள் வேலியைக் கொண்டாடினார்கள். யானை ஒரு தரமும் வராத ஆட்டத்திலும் 'வேலி கிடந்தபடியால்தான் தப்பினனான்' என்றார்கள். யானை வரவில்லையே தம்பி என்றால், 'வேலியைக் கண்டுதான் ஒருத்தரும் விடேல்லை' என்று பதில் வரும். சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மழைக்கு இரண்டு மழை தருகிறேன் என்றாலும் ஒருவரும் வேலியைக் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

கானமனும், நெட்ச், தேலர் என்ற பொருளியலாளர்களும் 1990இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 7 டொலர் சொன்னார்கள், வாங்க வேண்டியவர்கள் 3 டொலருக்கும் கீழே. கோப்பை ஒன்றுதான். சும்மா கிடைத்த கோப்பைக்கே அந்த ஒட்டுதல் என்றால், கொட்டை கொடுத்து வாங்கிய வேலிக்கு எப்படி இருக்கும்? போனில் காசு கட்டி மினுங்கும் சட்டை வாங்கிய பெடியன், அந்தச் சட்டை போட்ட நாளில் தனக்குக் குறி தப்புவதில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான். அவனிடம் போய் அந்த விளையாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டால் அவனுடைய சட்டைதான் பதில் சொல்லும்.

இதனால் கொப்பியில் இன்னொரு நிரல் சேர்த்தேன்: வாங்கியதா, வந்ததா.

நாய் அட்டையில்தான் நான் ஒரு பிள்ளையை அழவிட்டேன். பன்றி வந்தால் நாய் கலைக்கும். பகடையில் 1 விழுந்தால் மட்டும் நாய் நித்திரை. ஆறில் ஐந்து தரம் வேலை செய்கிற, நம்பிப் போடக்கூடிய அட்டை அது. எட்டு வயதுப் பெடியன் ஒருவன் அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்து முதன்முதல் விளையாடினான். நாயைக் கண்டதும் அவனுக்குச் சந்தோசம், தன் வீட்டு நாயின் பெயரையே அதற்கு வைத்துவிட்டான். பன்றி வந்தது. உருட்டினான். 1. "நாய் பொய்!" என்று அட்டையை எறிந்துவிட்டு அழத் தொடங்கினான். அதன் பிறகு அவன் நாயைத் தொடவே இல்லை. கையில் வந்தாலும் முதல் வேலையாக அண்ணனிடம் தள்ளிவிடுவான். அண்ணன் அதே நாயை வைத்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை பன்றி கலைத்தான். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்ததால் ஒன்றும் மாறவில்லை. தன் கையால் கண்ட ஒரு 1, அடுத்தவன் கையில் கண்ட பத்து ஐந்தையும் ஆறையும் விழுங்கிவிட்டது.

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டுகளைச் செய்த சிட் மையர் 2010இல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போய்த் தோற்ற ஆட்டக்காரர்கள் விளையாட்டில் ஏதோ பிழை என்று சண்டைக்கு வந்தார்களாம். அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தோடு போய் வென்றபோது வாயே திறக்கவில்லையாம். கடைசியில் முந்திய சண்டைகளின் முடிவைப் பார்த்து அடுத்ததை ஆட்டக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்த்திருக்கிறார்கள். யப்பானின் ஃபயர் எம்ப்ளம் விளையாட்டின் பல பதிப்புகளில் இன்னும் நுட்பமான வேலை. நூற்றில் 90 தரம் அடி படும் என்று திரையில் காட்டுவார்கள். உள்ளே இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால் உண்மையில் 98 தரத்துக்கு மேல் படும். தொண்ணூறு என்றால் மனிதன் 'நிச்சயம்' என்றுதான் எடுக்கிறான் என்பதைத் தெரிந்து செய்த வேலை.

பகடைக்குள் நான் எதையும் ஒளித்து வைக்க முடியாது. அதனால் விதியையே எழுதினேன்: 'புது நாய் முதல் தரம் நித்திரை கொள்ளாது.' ஒவ்வொருவருக்கும் முதல் தடவை நாய் கட்டாயம் கலைக்கும், இரண்டாம் தடவையிலிருந்துதான் பகடை. பிறகு 1 விழுந்தபோது, 'சனியன், இண்டைக்கு நித்திரையாப் போச்சு' என்று சிரித்தார்கள். நாயில் குறை சொல்லவில்லை. முதல் பாவிப்பு எப்படிப் போகிறதோ அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் ஆள் மற்றதையெல்லாம் பார்க்கிறார். உங்கள் விளையாட்டில் எது முக்கியமான கருவியோ, அதை முதல் தடவை தொடுகிறவர் வெறுங்கையோடு திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னவனுக்கு இது பிந்திப்போன வைத்தியம். அவன் இன்றைக்கும் நாயை நம்புவதில்லை.

யூரியாக் கதையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் எழுதிய விதி இப்படி: 'ஒரு கட்டத்துக்கு 2 கொட்டை. யூரியா போடாவிட்டால் விளைச்சல் பாதி.' எழுதும்போது வெறும் கணக்காகத்தான் தெரிந்தது. ஒருநாள் 304 ஐயா ஒருவர் ஆள் குறைகிறதென்று வந்து உட்கார்ந்தார். அவருக்கு யூரியா வரவில்லை. அறுவடை நேரம் நான் கொட்டையைப் பாதியாக எண்ணிக் கழித்தேன். அவர் மட்டையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"தம்பி, போன போகம் வயலிலை கண்டது காணாதெண்டே இஞ்சையும் பாதியாக்கிறாய்?"

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதை விலக்கினாலும் பயிருக்குப் போட வேண்டிய நேரத்தில் பசளை கைக்கு வரவில்லை. அந்தக் காலபோகத்தில் மஞ்சளாக நின்ற வயலை எல்லோரும் கண்டோம். நான் அதை மறந்துபோய் விதி எழுதியிருக்கிறேன், அதுவும் குளத்து ஊரில் இருந்துகொண்டு.

அன்றிரவே மாற்றினேன். 'ஒரு கட்டத்துக்கு 1 கொட்டை. யூரியா போட்டால் இரட்டிப்பு.' பார்த்தீர்களா, எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. இல்லாதவருக்கு முன்பும் ஒன்று, இப்போதும் ஒன்று. இருப்பவருக்கு முன்பும் இரண்டு, இப்போதும் இரண்டு. ஆனால் அடுத்த கிழமை யூரியா இல்லாதவர்கள் பேசாமல் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தார்கள். யூரியா வந்தவர் துள்ளினார். வேர்ள்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2004இல் வெளிவரும் முன் நடந்த சோதனையிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. கனநேரம் விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் பொங்கிவிட்டார்கள். குறைந்த அளவையே வழமையானது என்று சொல்லி, ஓய்வெடுத்து வருபவருக்கு 'இரட்டிப்புச் சலுகை' என்று பெயர் மாற்றினார்கள். எண்கள் அப்படியே. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இது ஆட்டக்காரர் மனம் நோகாமல் இருக்கச் செய்யும் மரியாதையா, இல்லை கண்கட்டு வித்தையா? போனில் ஒவ்வொரு நாளும் வந்தால் பரிசு என்று பிள்ளைகளைக் கட்டிப்போடுவதும் இதே தந்திரம்தானே. நான் பிடித்துக்கொண்டிருக்கும் கோடு ஒன்றுதான். விதியைத் தாளில் எழுதி எல்லோர் முன்னும் வைக்கிறேன், கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஐயா பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். "ரெண்டும் ஒண்டுதான் கண்டியோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, விளையாட உட்கார்ந்தார்.

மட்டையின் தடிப்பும் சும்மா இல்லை. யானையைக் கலியாணக் காட்டில் செய்தேன் என்றேனல்லவா, பன்றிக்கு வரும்போது அது முடிந்துவிட்டது. பழைய கலண்டர் அட்டையில் வெட்டினேன். யானையை மேசையில் போட்டால் 'டக்' என்று கேட்கும். பன்றி காற்றுக்குப் பறக்கும், மேலே ஒரு கொட்டை வைக்க வேண்டும். இரண்டாவது பெட்டி செய்தபோது தற்செயலாக மாறிப்போனது: யானை மெல்லிய அட்டையில், பன்றி ஒரு மருந்துப் பெட்டியின் தடித்த மட்டையில். புதிதாக விளையாட வந்த பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் முதல் நாளே "பண்டிதான் மோசம்" என்றார்கள். பழைய ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு யானை மனதில் தடித்த மட்டையாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பெட்டியில் உள்ள அட்டையெல்லாம் ஒரே மட்டையில்தான். செலவு கூடத்தான், ஆனால் மட்டையைப் பற்றிய கருத்தை விலங்கைப் பற்றிய கருத்தென்று எழுதி வைப்பதை விட அது மலிவு.

மற்றதெல்லாம் சின்ன விசயங்கள். கிழமைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டை ஒன்றாக மாற்றினால் எதால் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்று தரத்துக்குக் குறையப் பாவித்தவரின் கருத்தைப் பென்சிலால் எழுதுவேன், மற்றவர்களுடையதைப் பேனையால். தண்ணீருக்கு நான் எழுதிய விதியை ஒருவரும் குறை சொல்லவில்லை. மழை குறைந்த சிறுபோகத்துக்கு முன் விவசாயிகள் கூடும் கூட்டத்தில் குளத்து மட்டத்தைப் பார்த்து ஏக்கர் பிரிக்கிற முறையையே வைத்தேன், அது அவர்களுக்குப் பிறப்பிலிருந்து பழகியது.

இவ்வளவும் எழுதிய பிறகு, அந்தக் கொப்பியே என்னை ஏமாற்றிய கதையையும் சொல்ல வேண்டும்.

காட்டோர வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வருவாள், பதின்மூன்று வயது. கொப்பியில் அவளுடைய வரியைப் பார்த்தால் யானை கையில் வந்தது ஒன்பது தரம். போட்டது ஒரு தரமும் இல்லை. பாவிக்காத அட்டை என்றால் ஆட்டக்காரருக்கு அது பலவீனமாகத் தெரிகிறது என்று அர்த்தம், அப்படித்தான் நான் மற்ற எல்லோருக்கும் எழுதிவந்தேன், அவளுக்கும் எழுதினேன். 'யானை: உதவாது என நினைக்கிறாள்.' சரியான முட்டாள்தனம். அவளைப் போன்ற கெட்டிக்காரி ஏன் அதைப் பன்றிக்கு மாற்றிக்கொள்ளவில்லை என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

ஒருநாள் மழை. மற்றவர்கள் போய்விட்டார்கள், அவள் தகப்பன் வந்து கூட்டிப்போகும்வரை நின்றாள். அட்டைகளை எண்ணி அடுக்கினால் ஒரு யானை குறைகிறது. பாயைத் தட்டினேன், மேசைக்குக் கீழே பார்த்தேன். அவள் மெதுவாகத் தன் முழங்காலுக்குக் கீழேயிருந்து எடுத்துத் தந்தாள். ஆட்டம் முழுக்க அங்கேதான் வைத்திருந்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை, போட்டிருந்தால் வெண்டிருப்பியே?"

"என்ரை கையிலை கிடந்தால் ஒருத்தற்றை வயலுக்கும் வராதெல்லோ அண்ணை."

குசினிக்குள் வைத்திருந்த நெல் மூட்டைக்காக அவர்கள் வீட்டுச் சுவரை யானை இடித்தது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். விதியையும் மாற்றவில்லை, கையில் வைத்திருப்பதற்குத் தடை எதுவும் போடவில்லை. ஆனால் பெடியள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவள் விளையாடும் நாட்களில், மூன்றாம் சுற்றிலும் யானை ஒன்றும் வெளியே வராவிட்டால், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவளுடைய முழங்காலைத்தான் பார்க்கிறார்கள்.